ஐஇஎல்டிஎஸ் ரீடிங் ரெண்டு தடவையும் 5.5 தானுங்க, 1200 வார்த்தை மனப்பாடம் பண்ணியும் ஏன் ஏற மாட்டேங்குது?

சிவகிரிப் பையன்:

வணக்கமுங்க எல்லாருக்கும். கொஞ்சம் பெருசா எழுதறன், பொறுத்துக்கோங்க. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறன், சொந்த ஊரு சிவகிரிப் பக்கம், அப்பா மஞ்சளும் கரும்பும் வெக்கறவரு. அயர்லாந்துல மாஸ்டர்ஸ் படிக்கலாம்னு ரெண்டு வருசமா ரோசனை. நான் பாத்து வெச்சிருக்கற காலேஜுல ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரிச்சைல மொத்தமா 6.5 கேக்கறாங்க, எதுலயும் 6க்குக் கீழ போகக் கூடாதுங்கறாங்க. அகாடமிக் (மேல்படிப்புக்குப் போறவங்களுக்கான பேப்பர்) தான் எழுதறன். லிசனிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 6, ஆனா ரீடிங் மட்டும் ரெண்டு தடவையும் 5.5. ஒருக்கா எழுதறதுக்கே பதினஞ்சாயிரத்துக்கு மேல கட்டோணும், மூணாவது தடவைக்கு ஊட்டுல கேக்கவே கூச்சமா இருக்குதுங்க.

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். கோச்சிங் சென்டர்ல ஒரு வார்த்தைப் புக்கக் குடுத்து இத மனப்பாடம் பண்ணீட்டா ரீடிங் தானா வந்துரும்னு சொன்னாங்க. நான் நெசமாலுமே பண்ணேனுங்க. 200 பக்க நோட்டு, எடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தைய தமிழ் எழுத்துல எழுதி (அப்பத்தான் வாய்க்கு வருது) வலது பக்கம் தமிழ்ல அர்த்தம். சனிக்கெழம பொழுதோட ஊருக்கு பஸ் ஏறுனா எறங்கற வரைக்கும் அதத்தான் வாய்க்குள்ளயே சொல்லீட்டுப் போவேன், பக்கத்து சீட்டுக்காரரு ஒருத்தரு ஜெபம் பண்றனான்னு கேட்டாரு. 1200 வார்த்தை. எங்க தொட்டுக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனா பரிச்சைல போயி உக்காந்தா பேசேஜ்ல எல்லா வார்த்தையும் தெரிஞ்சாப்பலயே இருக்குது, ஆன்சர் மட்டும் தப்பாகுது. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் (பேசேஜ்படி சரியா, தப்பா, இல்ல அதப் பத்திப் பேச்சே இல்லியான்னு போடறது) வந்தா மொத்தமும் போச்சு. டைமும் பத்தறதில்ல, மூணாவது பேசேஜ்க்கு வர்றப்ப பத்து நிமிசந்தான் மிச்சம் இருக்குது. இன்னும் வார்த்தை எச்சாப் படிக்கோணுமா, இல்ல வேற எங்காச்சும் தப்புப் பண்றனா? எழுதிப் பாஸானவங்க சொல்லுங்க.


மஞ்ச மண்டி:

தம்பி, நானும் ஈரோட்டுக்காரன்தான், மொத ரெண்டு தடவ 6, மூணாவதுக்கு 7.5 வாங்குனவன், அதனால வாத்தியார் மாதிரி இல்லாம அடி வாங்குனவனாச் சொல்றன். 1200 போதும்னு நெனைக்கறன், இப்போதைக்கு நோட்டப் பொட்டிக்குள்ள போடுங்க.

மொதல்ல கணக்கு. 40 கேள்வி, 60 நிமிசம், மூணு பேசேஜ், அகாடமிக்ல மூணும் சேத்து 2150ல இருந்து 2750 வார்த்தை வரும். 23 கேள்வி சரியா இருந்தா 6, 30 சரியா இருந்தா 7, பேப்பருக்குப் பேப்பர் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். உங்களுக்கு 20, 21 கிட்ட வந்திருக்கும்னு நெனைக்கறன். அப்படின்னா நீங்க இங்கிலீஷ் தெரியாத ஆளு இல்ல, ஏழெட்டுக் கேள்வி எங்கயோ ஒழுகுது. ஓட்டை எதுன்னு பாக்காம கொடத்துல தண்ணி ஊத்தீட்டே இருக்கறீங்க.

ஒரு சின்ன டெஸ்ட் தர்றன். தமிழ்லயே. இங்கிலீஷ் பிரச்சனையா வேற பிரச்சனையான்னு தெரிஞ்சுக்கலாம். பேசேஜ் இதான்:

"ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தருவது குர்குமின் என்ற பொருள். தமிழ்நாட்டில் மஞ்சள் வணிகம் நடக்கும் ஊர்களில் ஈரோடும் ஒன்று."

கேள்வி 1: புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஈரோட்டு மஞ்சளின் விலை உயர்ந்தது.
கேள்வி 2: தமிழ்நாட்டில் ஈரோட்டில் மட்டும்தான் மஞ்சள் வணிகம் நடக்கிறது.
கேள்வி 3: மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின்.

ட்ரூவா, ஃபால்ஸா, நாட் கிவனா? ரோசிக்காம டக்குனு போடுங்க, பரிச்சைல போடறாப்பலயே.


சிவகிரிப் பையன்:

அண்ணா இது ரொம்ப ஈஸியா இருக்குதுங்களே. 1 ஃபால்ஸ், எங்கப்பாகிட்டக் கேட்டாத் தெரியும், குறியீடு வந்துச்சு ஆனா வெல எங்க ஏறுச்சு, நாலு வருசம் குடோன்ல வெச்சிருந்து வித்தவரு அவரு. 2 நாட் கிவன், ஏன்னா வேற ஊரு பேரு எதுவும் குடுக்கல. 3 ட்ரூ.


கோயமுத்தூர்க் குசும்பு:

மஞ்சள் வெல ஏறுச்சுன்னு ட்ரூ போடறவன் எவனும் மஞ்சள் வெச்ச ஊட்டுப் பையனா இருக்க மாட்டான். கேள்வித்தாள் எடுத்தவருக்குக் கொஞ்சம் மனசாட்சி வேணுமுங்க.


மஞ்ச மண்டி:

மூணுக்கு ஒண்ணு. பாத்தீங்களா தம்பி, தமிழ்லயே, நம்ம ஊருச் சங்கதியவே குடுத்து, ரெண்டு தப்பு. இதுல எந்த வார்த்தைக்கு உங்களுக்கு அர்த்தம் தெரியல?

1 நாட் கிவன். அந்த மூணு வரிக்குள்ள வெலன்னு ஒரு பேச்சே இல்ல. உங்கப்பா பட்ட கஷ்டம் நெசம், ஆனா அது பேசேஜ்ல இல்ல. நமக்கு நல்லாத் தெரிஞ்ச விசயம் வந்துட்டா இப்பிடித்தான் ஆகும், கண்ணு பேப்பர்ல இருக்கும் மனசு காட்டுல இருக்கும். எனக்கு மொத தடவ காட்டன் பத்தி ஒரு பேசேஜ் வந்துச்சு, ஸ்பின்னிங் மில்லுல ஆறு வருசம் இருந்தவன் நான், ஆஹா நம்ம ஏரியான்னு படிக்காமயே பாதி எழுதிட்டு வந்தேன், மொத்தத்துலயே அதுலதான் கேவலமா வாங்கியிருப்பேன்.

2 ஃபால்ஸ். "ஊர்களில் ஒன்று"ன்னு போட்டிருக்குது. ஒண்ணுன்னா வேறயும் இருக்குதுன்னு அதுலயே அடங்கிருச்சு, ஊரு பேரு சொல்லோணும்னு கெடயாது. கேள்வில "மட்டும்"னு இருக்குது, ரெண்டும் நேருக்கு நேரா மோதுது. இங்கிலீஷ்ல ஒன்லி, ஆல், மோஸ்ட், சம், மே, மஸ்ட், இந்த மாதிரி பொடி வார்த்தைகள்லதான் கேள்வியே ஒக்காந்திருக்கும், உங்க 1200ல இதுல ஒண்ணாச்சும் இருக்குதா? இருக்காது. இதெல்லாம் நமக்குத் தெரியுமேன்னு தாண்டிப் போயிருவோம்.

எனக்கு ஒருத்தரு சொல்லிக் குடுத்தது இது. கேள்வில இருக்கறது பொய்யின்னு சொல்றதுக்கு பேசேஜ்ல எந்த வார்த்தை மேல வெரல வெப்பீங்க? வெக்க எடம் இருந்தா ஃபால்ஸ். வெரல் அந்தரத்துலயே தொங்குச்சுன்னா நாட் கிவன். ஆரம்பத்துல நெசமாவே வெரல வெச்சுப் பழகுங்க. கேள்விங்க பெரும்பாலும் பேசேஜ் வரிசைலயேதான் வரும், அதனால நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் ஆன்சர் கெடச்சிருச்சுன்னா அஞ்சாவது நடுவுலதான் இருக்கோணும், நடுவுல எங்கயும் இல்லீன்னா நாட் கிவன் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. இல்லாத ஒண்ண நாலு நிமிசம் தேடறதுலதான் உங்க டைம் போகுது, மூணாவது பேசேஜ்க்குப் பத்து நிமிசம்னு சொன்னீங்கல்ல, அதான் காரணமா இருக்கும்.

தெரியாததையும் சும்மா உட்டுட்டு வராதீங்க, தப்புக்கு மார்க்கு கொறைக்கறதில்ல. லிசனிங்க கம்ப்யூட்டர்ல இல்லாம பேப்பர்ல எழுதுனா ஆன்சர எடுத்தெழுத 10 நிமிசம் தனியாத் தருவாங்க, ரீடிங்ல அது கெடயாது, அந்த 60க்குள்ளயே எல்லாம்.


நைட் டூட்டி அக்கா:

மஞ்ச மண்டி சொன்னது எல்லாம் சரி, ஆனா வார்த்தையே வேண்டாங்கற மாதிரி ஆயிரக் கூடாதுன்னு எழுதறேன். தம்பி, நான் கோயமுத்தூர்ல ஐசியு நர்ஸ், யுகேக்காக மொதல்ல ஐஇஎல்டிஎஸ் எழுதி ரீடிங்ல 7 வராம (நர்ஸ்க்கு ரைட்டிங் 6.5, மத்ததெல்லாம் 7 கேப்பாங்க) அப்புறம் ஓஇடி பக்கம் போனவ. அது ஆஸ்பத்திரிக்காரங்களுக்கான பரிச்சை, மொத பாகத்துல நாலு துண்டுச் சீட்டு மாதிரி குடுத்து 15 நிமிசத்துல 20 கேள்வி, மூச்சு உட நேரமிருக்காது. ரெண்டுக்கும் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். பேசேஜ்ல இருக்கற வார்த்தைய கேள்வில அப்பிடியே வெக்க மாட்டாங்க. பேசேஜ்ல ஸ்கேர்ஸ்னு இருந்தா கேள்வில இன் ஷார்ட் சப்ளைனு இருக்கும். அங்க இன்ஹேபிட்டன்ட்ஸ்னு இருந்தா இங்க லோக்கல் பீப்பிள். அங்க சில்ட்ரன் அண்டர் ஃபைவ், இங்க யங் சில்ட்ரன். நீங்க ஸ்கேர்ஸ்னா பற்றாக்குறைன்னு படிச்சு வெச்சிருக்கறீங்க, அங்க உக்காந்துட்டு ஸ்கேர்ஸ்ங்கற எழுத்தையே கேள்விக்குள்ள தேடறீங்க, கெடைக்காது. தமிழ் அர்த்தம் தெரியறது பாதி வேலைதான், அதுக்கு இங்கிலீஷ்லயே பங்காளி யாருன்னு தெரியணும்.

நான் பண்ணது இதுதான். மருந்து வர்ற அட்டைப் பொட்டிய வெட்டி சீட்டு மாதிரி வெச்சுக்குவேன். முன்னாடி பக்கம் பழைய பேசேஜ்ல வந்த முழு வரி, அந்த வார்த்தை இருக்கற எடத்துல மட்டும் கோடு. பின்னாடி பக்கம் அந்த வார்த்தை, அதுக்குக் கீழ கேள்வில அத எப்பிடி மாத்தியிருந்தாங்கன்னு. தமிழே எழுத மாட்டேன், ரொம்ப முடியாதப்ப மட்டும் ஓரமா பென்சில்ல. மூணு டப்பா. புதுச் சீட்டு மொத டப்பால, அன்னாடும் பாக்கறது. சரியா சொன்னா ரெண்டாவது, மூணு நாளைக்கு ஒருக்கா. அதுலயும் சொன்னா மூணாவது, வாரத்துக்கு ஒருக்கா. எங்க தப்புனாலும் திரும்ப மொத டப்பாக்கே வந்து சேரணும். இது நான் கண்டுபிடிச்சதில்ல, லைட்னர்னு ஒரு ஜெர்மன்காரரு 1970கள்ல எழுதுன முறை, இப்ப ஆன்கி மாதிரி ஆப்ல வர்றதும் இந்த ரகந்தான். போன்ல வெச்சுக்கறது வசதின்னு சொல்லுவாங்க, எனக்கு போன எடுத்தா ரீல்ஸ்தான் ஓடும் அதனால டப்பா.

ஒரு நாளைக்கு எட்டு சீட்டுக்கு மேல சேக்காதீங்க. நைட் டூட்டில ரெண்டு மணிக்கு எல்லா பேஷண்ட்டும் ஸ்டேபிளா இருந்தா பத்து நிமிசம் கெடைக்கும், அதுல பாத்தே எனக்கு நாலு மாசத்துல 600 சீட்டு சேந்துச்சு.

இன்னொண்ணு, வார்த்தைய தமிழ் எழுத்துல எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதத்தான் மொதல்ல நிறுத்தணும். ஃபில் இன் த பிளாங்க்ல ஸ்பெல்லிங் தப்புன்னா மார்க்கே கெடயாது. அதவிட, லூஸ்னு உங்க நோட்டுல எத்தன எடத்துல இருக்குது? ஒரு ஓ போட்டா தொலைக்கறது, ரெண்டு ஓ போட்டா தொளதொளன்னு இருக்கறது.


சிவகிரிப் பையன்:

அக்கா இப்பத்தான் நோட்ட எடுத்துப் பாத்தேன். 14வது பக்கத்துல "அடாப்ட் – தத்தெடு", 31வது பக்கத்துல "அடாப்ட் – தகவமை". ரெண்டும் ஒரே எழுத்து. ஒண்ணுல ஏ வரோணும் ஒண்ணுல ஓ வரோணும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தோணவே இல்லீங்க. சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல.


கோயமுத்தூர்க் குசும்பு:

தத்தெடுத்துத் தகவமைச்சுக்கோங்க தம்பி.

அது கெடக்கட்டும், எல்லாரும் சொல்றாப்பல நானும் ஒண்ணு சொல்றேன், அன்னாடும் இங்கிலீஷ் பேப்பர்ல தலையங்கம் படிங்க. எங்க மச்சான் அப்பிடித்தான் 8 வாங்குனான்.


ஓய்வு வாத்தியார்:

குசும்பு சொல்ற யோசனையோட எனக்கு உடன்பாடு இல்லீங்க. 31 வருசம் உடுமலைப் பக்கம் அரசுப் பள்ளியில இங்கிலீஷ் எடுத்திருக்கேன், நானும் பசங்களுக்கு அதையேதான் சொல்லிட்டிருந்தேன், தலையங்கம் படி தலையங்கம் படின்னு, ஒரு பையனும் ரெண்டு வாரத்துக்கு மேல படிச்சதில்ல. தப்பு அவங்க மேல இல்ல. வரிக்கு மூணு வார்த்தை தெரியாதவன் தலையங்கத்தப் படிச்சா அது படிக்கறதே இல்ல, கல்லு பொறுக்கறது. நூறு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல தெரியாம இருந்துச்சுன்னா அந்த எழுத்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் கனம், அதுக்குக் கீழ ஒரு படி எறங்கி, பிடிச்ச விசயமாப் பாத்து, நெறையாப் படிக்கோணும். கிரிக்கெட்டா இருந்தாலும் சரி. உங்க மச்சான் 8 வாங்குனது தலையங்கத்தாலயா, இல்ல ஏற்கெனவே அவருக்கு இங்கிலீஷ் வந்ததாலதான் தலையங்கம் படிக்க முடிஞ்சுதான்னு ரோசிச்சுப் பாருங்க.

கண்ணு சிவகிரி, உனக்கு அந்த வார்த்தைப் புக்கக் குடுத்தவங்க அபூர்வமான வார்த்தையாப் பாத்துத்தான் போட்டிருப்பாங்க, அப்பத்தான் புக்கு கனமாத் தெரியும். ரீடிங்ல திரும்பத் திரும்ப வர்றது வேற ரகம். நியூசிலாந்துல வெலிங்டன்ல விக்டோரியா பல்கலைக்கழகத்துல இருந்த ஆவெரில் காக்ஸ்ஹெட்ங்கற அம்மா 2000ல ஒரு பட்டியல் போட்டாங்க, அகாடமிக் வேர்ட் லிஸ்ட்னு பேரு, 570 வார்த்தைக் குடும்பம். ஒன்பது பகுதிக்கு 60 வீதம், பத்தாவதுல 30. எது எச்சா வருதோ அதுதான் முன்னாடி பகுதில இருக்கும். சும்மாவே கெடைக்குது, காசு குடுத்து வாங்காத. படிப்பு சம்பந்தப்பட்ட எழுத்துல சுமாரா பத்துக்கு ஒரு வார்த்தை அதுல இருந்துதான் வருது. ஆனா அந்தப் பட்டியல் சாதாரணமான 2000 வார்த்தைக் குடும்பத்த ஒதுக்கி வெச்சிட்டுத்தான் ஆரம்பிக்குது, அது தெரியாம இதுல ஏறுனா அஸ்திவாரமில்லாத செவுருதான்.

குடும்பம்னு ஏன் சொல்றேன்னா, ஈகானமின்னு ஒண்ணத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. எகனாமிக்னா பொருளாதாரம் சம்பந்தப்பட்டது. எகனாமிகல்னா சிக்கனமானது. ஒரு எழுத்து ரெண்டெழுத்துதான் வித்தியாசம், கேள்வி எடுக்கறவன் அங்கதான் கண்ணி வெப்பான். அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிகல், இதுல ஃபில் இன் த பிளாங்க்ல எது நுழையும்னு கோட்டுக்கு முன்னாடி பின்னாடி பாத்தாலே பாதி தெரிஞ்சுரும், முன்னாடி ஒரு "தி" இருந்து பின்னாடி வேற பெயர்ச்சொல் இல்லீன்னா பெயர்ச்சொல் வரோணும். எங்க பசங்களுக்கு இது சொன்னா உடனே புரியும், ஏன்னா தமிழ்ல அவங்க அன்னாடும் பண்றதுதான், வெளை, வெளைச்சல், வெளைநெலம்.

உன்ற வேலையவே எடுத்துக்க. டாலரன்ஸ்னா உனக்கு என்ன தெரியும்?


சிவகிரிப் பையன்:

செஸ்ட் அளவுல அரை இஞ்சு கூடக் கொறைய வந்தா பையர் ஒத்துக்கற அளவுங்க சார். டெக் பேக்லயே (துணியோட அளவெல்லாம் போட்டு வர்ற சீட்டு) போட்டிருப்பாங்க.


ஓய்வு வாத்தியார்:

அதேதான். இப்ப பேசேஜ்ல டிராட் டாலரன்ஸ்னு சோளத்தப் பத்தி வருதுன்னு வெச்சுக்க. வறட்சி எவ்வளவு கூடுனாலும் பயிரு எது வரைக்கும் ஒத்துக்கும்ங்கற அளவு. நோட்டுல சகிப்புத்தன்மைன்னு எழுதியிருப்பே. சோளத்துக்கு என்ன சகிப்புத்தன்மை, நீ அங்கயே நின்னுருப்பே. உன்ற அரை இஞ்சு அர்த்தத்த எடுத்துட்டுப் போயிருந்தா தாண்டியிருப்பே. டிவியேட், சஃபிஷியன்ட், அப்ராக்சிமேட், இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கற வார்த்தைங்க, உன்ற ஆபீஸ் மெயில்ல தெனமும் வந்துட்டுத்தான இருக்கும். பையர் அனுப்புன மெயில்ல இருந்தே வாரத்துக்கு பத்து வரி எடுத்து அந்த அம்மிணி சொன்ன டப்பாவுல போடு.


சிவகிரிப் பையன்:

ஒரு மாசம் கழிச்சு வர்றனுங்க. எல்லாரும் சொன்னதுல முடிஞ்சதப் பண்ணேன். பழைய நோட்ட மூடீட்டேன். ரூம்ல கார்ட்டன் பொட்டிக்கா பஞ்சம், சீட்டு 190 சேந்திருக்குது. மாக் டெஸ்ட் நாலு எழுதுனேன், மொதல்ல 20, அப்புறம் 22, அப்புறம் மறுக்கா 21 (அன்னிக்கு ஷிப்மென்ட், தூக்கமே இல்ல), நேத்து 27. தப்பான 13ஐயும் பிரிச்சு எழுதி வெச்சேன். ஹெட்டிங் மேட்சிங் (ஒவ்வொரு பத்திக்கும் பொருத்தமான தலைப்ப லிஸ்ட்டுல இருந்து எடுக்கறது) 5, நாட் கிவன் 3, ரெண்டு வார்த்தைக்கு மேல எழுதக் கூடாதுன்னு சொல்லியும் மூணு எழுதுனது 2, டைம் இல்லாம கண்ண மூடிட்டுப் போட்டது 3. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமத் தப்பானதுன்னு தேடிப் பாத்தா அந்த அஞ்சுல ஒண்ணோ ரெண்டோதானுங்க.

எங்கப்பாகிட்டயும் மஞ்சக் கேள்வியச் சொன்னேன். ஃபால்ஸ்னாரு. அதுல குடுக்கல, நாட் கிவன்தான் சரின்னேன். "மண்டில கேட்டாலும் அப்பிடித்தான்டா சொல்றானுங்க"ன்னுட்டுத் தண்ணி கட்டப் போயிட்டாரு.

அந்த ஹெட்டிங் மேட்சிங்குக்கு மட்டும் ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்க.


மஞ்ச மண்டி:

27 நல்ல ஏத்தம் தம்பி. ஹெட்டிங்க மொதல்ல படிக்காதீங்க, பத்திய மொதல்ல படிச்சுட்டு இந்தப் பத்தி எதுக்காக எழுதியிருக்கான்னு நீங்களே நாலு வார்த்தைல தமிழ்ல ஓரமா எழுதுங்க, அப்புறமா லிஸ்ட்டப் பாருங்க. லிஸ்ட்டத் தலைல வெச்சுட்டுப் படிச்சா பத்தில ஒரு எடத்துல வர்ற வார்த்தையப் பாத்து அந்த ஹெட்டிங்குக்குத் தாவீருவோம், அது ஒரு உதாரணத்துக்குச் சொன்னதா இருக்கும். "ஆனா", "இருந்தாலும்"னு திரும்பற எடம் இருந்தா அதுக்குப் பின்னாடி வர்றதத்தான் நம்போணும். சந்தேகமா ரெண்டு ஹெட்டிங் நின்னா ரெண்டையும் பென்சில்ல போட்டுட்டு அடுத்த பத்திக்குப் போங்க, கீழ ஒண்ணு முடிஞ்சா மேல தானா கழிஞ்சுரும்.


சிவகிரிப் பையன்:

செரிங்கண்ணா. ஞாயித்துக்கெழம காலைல ஹெட்டிங் மட்டும் வர்ற பேசேஜா அஞ்சு எடுத்துப் போட்டுப் பாக்கறன். அதுல மூணாச்சும் முழுசா வந்துச்சுன்னா பீஸ் கட்டிரலாம்னு இருக்கறன்.